கட்டைக்குள் ஒரு தோல் துண்டு

வீட்டில் பழைய பியானோ இருக்கிறதா? ஒரு வெள்ளைக் கட்டையை முன்நுனியில் பிடித்து இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை ஆடினால் சரி. 'கடகட' என்றால் உள்ளே தோல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கண்ணுக்குத் தெரிவது கட்டையின் முன்பகுதி மட்டும்தான். மீதி நீளம் முழுக்க உள்ளே, சீசா பலகை மாதிரி கிடக்கிறது. அது விலகாமல் இருக்க நடுவில் ஓர் உருண்டை உலோக முளை, முன்னால் ஒரு நீள்வட்ட முளை. மரமும் உலோகமும் நேராக உரசினால் சத்தம் வருமே! அதனால் துளையின் இரு பக்கச் சுவரிலும் மெத்தென்று ஒரு பட்டை ஒட்டுவார்கள். பெரும்பாலான பியானோக்களில் அது கம்பளித் துணி. சில பழைய ஐரோப்பியப் பியானோக்களில் மெல்லிய தோல். 88 கட்டை, ஆளுக்கு இரண்டு துளை, துளைக்கு இரண்டு பட்டை. மொத்தம் 352 துண்டுகள்! பொறுமைசாலிகளுக்கான வேலை.

பொறுமை இல்லாதவர்கள் குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். முன் முளையைக் குறடால் கொஞ்சம் திருப்பிவிட்டால் ஆட்டம் அன்றைக்கே நின்றுவிடும். ஆனால் திரும்பிய முளையின் விளிம்பு மிச்சமிருக்கும் தோலையும் அறுத்துவிடும். இன்னும் சிலர் எண்ணெய் விடுவார்கள். அது மரத்தில் ஊறினால் பிறகு எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

முறையாகச் செய்பவர் முதலில் கட்டைகளின் வரிசை எண்களைச் சரிபார்த்துக்கொண்டுதான் வெளியே எடுப்பார். ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. பழைய தோலை ஈரமும் சூடும் காட்டி இளக்கி எடுப்பார். நம் தச்சர்கள் ஒரு காலத்தில் காய்ச்சிய அதே வஜ்ஜிரம்தான் இங்கேயும் பசை. சூடான நீரில் இளகும் என்பதே அதன் பெருமை. அடுத்த தலைமுறை மெக்கானிக் மரத்தைச் சிராய்க்காமல் பிரிக்கலாம். கண்ட கண்ட ரசாயனப் பசையைப் போட்டால் அவர் உளியைத்தான் எடுக்க வேண்டும்.

தோலில் ஒரு சிக்கல் உண்டு. முதுகுப் பக்கத் தோல் கெட்டி. வயிற்றுப் பக்கம் தளர்வு, இழுத்தால் நீளும். ஒரே தோலில் வெட்டிய பட்டைகள்கூட ஒரே கனம் இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் அளந்து பிரிக்க வேண்டும். பசையை மெல்லிசாகத்தான் தடவ வேண்டும். அதிகமானால் தோலில் ஊறி, காய்ந்ததும் கல்லாகிவிடும். அப்புறம் தோல் எதற்கு?

பட்டையை ஒட்டியதும் முளையின் கனத்துக்கே செய்த சின்ன ஆப்பைத் துளையில் செருகி வைப்பார்கள். காயும்வரை தோலைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். அவசரப்பட்டுச் சோதிக்கக் கூடாது. ஈரத்தில் மரமும் தோலும் உப்பியிருக்கும். நன்றாக உலர்ந்த பிறகே உண்மையான அளவு தெரியும்.

"இது தேறாதுங்க, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க" என்று யாராவது சொன்னால், ஒரு கட்டையை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தேய்ந்தது தோல் மட்டும்தானா, முன் முளையை யாராவது ஏற்கெனவே திருப்பி வைத்திருக்கிறார்களா என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.