பூட்டு பலமாத்தான் இருக்கு, எண்ணுறது யாரு?

பட்டிண்டா ஞாபகம் இருக்கா மக்களே? 2023 ஏப்ரல் 12, விடிகாலை நாலரை மணி வாக்கில், பஞ்சாப் ராணுவ முகாமுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பீரங்கிப்படை வீரர்கள் நாலு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் இரண்டு பேர் நம்ம பசங்க. ஒருவர் சேலம் மாவட்டம், இன்னொருவர் நமக்குப் பக்கத்துல தேனி மாவட்டம். இருபத்தஞ்சு வயசு ஒட்டி இருக்கும். நம்மைவிட ரெண்டு மூணு வருஷம் சீனியர், அவ்வளவுதான்.

முகமூடி போட்ட ரெண்டு பேர் குர்தாவில் வந்தார்கள் என்று ஒருவர் சாட்சி சொன்னார். அஞ்சாம் நாள் அந்தச் சாட்சியையே போலீஸ் கைது செய்தது. அவரும் அதே முகாமின் வீரர். சொந்தப் பகை என்றார்கள். துப்பாக்கி? முகாமிலேயே 28 குண்டுகளோடு காணாமல் போன இன்சாஸ்!

காணோம் என்று தெரிந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. என் கோபமெல்லாம் அந்த ரெண்டு நாள் மேலதான். தேடியிருப்பார்கள், இல்லைன்னு சொல்லல. ஆனா எடுத்தவன் உள்ளேயே இருக்கலாம் என்று முதலில் நினைத்திருந்தால், அந்த நாலு பேரையும் காவல் இல்லாமல் தூங்க விட்டிருப்பார்களா?

பதான்கோட்டுக்கும் உரிக்கும் பிறகு, 2018-இல் முகாம்களின் சுற்றுப் பாதுகாப்புக்கு 1,487 கோடி ஒதுக்கினார்கள். வேண்டியதுதான். ஆனால் மதில் வெளியே இருந்து வருகிறவனைத்தான் தடுக்கும். அதே 2018-இல் பீகார் முங்கேரில் கிணத்துக்குள் இருந்தெல்லாம் ஏ.கே.47 எடுத்தார்களே, அது எந்த மதிலைத் தாண்டிப் போச்சு? ஜபல்பூர் ராணுவ ஆயுதக் கிடங்கிலிருந்து, கழித்துக்கட்டி அழிக்க வைத்திருந்த பழைய சரக்கு. பிடிபட்டவர்களில் ஒரு ஓய்வுபெற்ற ஆயுத மெக்கானிக், ஒரு கிடங்கு ஊழியர்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஸ்கிராப் என்று எழுதிட்டா புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை எவன் எண்ணுவான்? சரக்கை வைத்திருப்பவனே கணக்கையும் எழுதக்கூடாது என்பது ஆடிட்டிங்கில் அரிச்சுவடி. (ரேஷன் கடை சர்க்கரை மூட்டையைக்கூட வேற ஆள் வந்து எண்ணிட்டுத்தான் போறார்.)

இதைச் சொன்னா உடனே "ராணுவத்தைக் கேள்வி கேக்காதே" என்று கிளம்பிடுவாங்க. எத்தனை துப்பாக்கி இருக்குன்னு நான் கேக்கல, அது ரகசியமாவே இருக்கட்டும். செத்தவர்களும் ராணுவம்தானே சார்? அவங்களுக்காகத்தான் கேக்குறேன். தினம் எண்ணுறது யாரு, அந்த ஆள் வேற யூனிட்டா? ஒண்ணு குறைஞ்சா எத்தனை மணி நேரத்துல முகாமையே பூட்டுவாங்க?