உழவர் முற்றத்துப் புகை

நிலக்கரி என்றதும் மின்நிலையப் புகைபோக்கியே நம் கண்முன் நிற்கிறது. வயலுக்கும் அதற்கும் என்ன உறவு என்று வினவுவோர் போலந்து நாட்டைப் பார்க்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேளாண்மைக்கென மிகுதியாக நிலக்கரி எரிப்பது, கத்தோலிக்கர் பெரும்பான்மையினராய் வாழும் அந்நாடே. பனிக்காலத்தில் தக்காளி வளரும் பசுமைக்குடில்கள் அதனால் சூடேறுகின்றன. பன்றித் தீனிக்கான உருளைக்கிழங்கும் நெடுங்காலம் அந்நெருப்பில்தான் வெந்தது.

"மின்நிலையங்களோடு ஒப்பிட்டால் இது சிறுதுளி, உழவனை விட்டுவிடுங்கள்" என்பர் சிலர். இரக்கம்போல் தோன்றும் இவ்வாதம் உண்மையில் புறக்கணிப்பே. உயர்ந்த புகைபோக்கியின் புகை வானில் கலைந்து தொலைவு செல்கிறது. தாழ்ந்த கொதிகலனின் புகையோ அவ்வுழவனின் பிள்ளைகளது நுரையீரலில் தங்குகிறது. கிராக்கோவ் மாநகரில் 2019 செப்டம்பர் முதல் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை உண்டு. நகரத்தாருக்கு வேண்டிய காற்று நாட்டுப்புறத்தாருக்கு வேண்டாமா? 2022-இல் போர் மூண்டு ரஷ்ய நிலக்கரி நின்றபோது, அரசு வீட்டுக்கு 3,000 ஸ்லோட்டி வழங்கியது. எதற்கு? மீண்டும் நிலக்கரி வாங்க!

சுரங்கத் தொழிலாளரை நாம் இகழவில்லை. டிசம்பர் 4-இல் புனித பார்பராவுக்கு விழா எடுக்கும் அம்மக்களுள் ஒன்பது பேர், 1981-இல் வூயெக் சுரங்கத்தில் அடக்குமுறையின் குண்டுகளுக்கு இரையாயினர். அத்தியாகத்தை வணங்குவது வேறு. நிலக்கரியை வணங்குவது வேறு. 'இறைவா உமக்கே புகழ்' என்னும் 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், குறிப்பாக நிலக்கரியைப் பெயர் சொல்லியே, படிப்படியாகவும் தாமதமின்றியும் மாற்றப்பட வேண்டும் என்றார். சுரங்கங்களை 2049-க்குள் மூட, 2021-இல் அரசு தொழிற்சங்கங்களோடு அமர்ந்து பேசி ஒப்பமிட்டது. உழவனோடும் அவ்வாறே அமரட்டும். கொதிகலனை மாற்றும் செலவை அவன் தலையில் மட்டும் சுமத்தலாகாது.