‘நர்சம்மா’ சீனியாரிட்டி லிஸ்ட்: ஒரு வரிசை எண் ஏன் இவ்வளவு முக்கியம்?

மதுரையிலிருந்து உசிலம்பட்டி பக்கமோ மேலூர் பக்கமோ போய், ஏதாவது ஒரு ஊரில் ‘நர்சம்மா எங்க இருப்பாங்க?’ன்னு கேட்டுப் பாருங்கள். சின்னப் பையன்கூட வழி சொல்லுவான். அரசாங்கக் கோப்பில் அவருக்குப் பெயர் கிராம சுகாதார செவிலியர், சுருக்கமாக வி.எச்.என். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, பிரசவம் முடிந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு விவரம் சேகரிப்பது, ராத்திரி உட்கார்ந்து ‘பிக்மி’ இணையதளத்தில் எல்லாத்தையும் ஏற்றுவது என்று பட்டியல் நீளும்.

ஊருக்கே தெரிந்த இவர், துறையில் எத்தனையாவது ஆள்? அதைச் சொல்வதுதான் பணிமூப்புப் பட்டியல். பேச்சு வழக்கில் சீனியாரிட்டி லிஸ்ட். வெளியாட்களுக்கு அது வெறும் எக்செல் ஷீட். உள்ளே இருப்பவருக்கு, பதவி உயர்வு எப்போது, எந்தப் பொறுப்பில் ஓய்வு பெறப்போகிறோம், சில சமயம் எந்த ஊரில் குடியிருக்கப்போகிறோம் என்பதுவரை அந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது.

2025 ஏப்ரல் 28 அன்று சட்டப்பேரவையில் விதி 110-ன் கீழ் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அரசு ஊழியர்களுக்குச் சில அறிவிப்புகளை வெளியிட்டார். அகவிலைப்படியும் பண்டிகை முன்பணமும் தலைப்புச் செய்தி ஆயின. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்றும் அதில் இருந்தது. மகப்பேறு விடுப்பை இனி தகுதிகாண் பருவத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்பது அது. விடுப்பு எடுக்கும் பெண்களின் பதவி உயர்வு தள்ளிப்போய், பணிமூப்பு பாதிக்கப்படுகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மற்றவர்களின் பிரசவத்தைப் பாதுகாப்பாக நடத்திக் கொடுப்பதே வேலையாக இருக்கும் ஒரு பணிப் பிரிவில், தன் சொந்தப் பிரசவத்துக்காக ஒருவர் வரிசையில் பின்னால் போக வாய்ப்பு இருந்தது. கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

விடுப்புக்கும் வரிசைக்கும் என்ன தொடர்பு?

அரசுப் பணியில் சேர்ந்தவுடன் தகுதிகாண் பருவம் தொடங்கும். பொதுவான கணக்கு, தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுகள் ‘பணியில்’ இருந்திருக்க வேண்டும். இதில் ‘பணியில்’ என்ற சொல்தான் சிக்கல். தமிழ்நாட்டில் 2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். அந்த 12 மாதமும் பணிக்காலமாகக் கணக்கில் வரவில்லை என்றால், கூடச் சேர்ந்தவர் 2 ஆண்டில் முடிப்பதை இவர் 3 ஆண்டில் முடிப்பார்.

சரி, ஒரு வருஷம்தானே? பதவி உயர்வுக்கான பேனல், அதாவது தேர்ந்தோர் பட்டியல், ஒரு குறிப்பிட்ட தேதியை வைத்துத் தயாராகும். அந்தத் தேதியில் தகுதிகாண் பருவத்தை முடிக்காதவர் பெயர் பேனலில் வராது. அவருக்குப் பின்னால் இருந்தவர் முதலில் மேலே போவார். மேல் பதவிக்கு என்று தனியாக ஒரு சீனியாரிட்டி லிஸ்ட் உண்டு. அதில் முதலில் போனவர்தான் சீனியர். ஒரு படியில் விட்ட இடம் அடுத்தடுத்த படிகளிலும் கூடவே வரும்.

ஆனால், நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இந்த அறிவிப்பால் சீக்கிரம் பலன் பெறப்போவது குரூப் 2, குரூப் 4 மாதிரி நாலைந்து வருடத்திலேயே முதல் பதவி உயர்வு கண்ணுக்குத் தெரியும் பணிகளில் இருப்பவர்கள்தான் என்று நினைக்கிறேன். வி.எச்.என். பணியில் முதல் படியே ரொம்பத் தள்ளி இருக்கிறது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் எண்கள்.

ஏணி ரொம்பக் குறுகலானது

தமிழ்நாட்டில் 8,713 துணை சுகாதார நிலையங்கள் உள்ளன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதிமுறை. நிலையத்துக்கு ஒரு வி.எச்.என். அவர்களுக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர். ஏறக்குறைய 6 துணை நிலையங்களுக்கு ஒருவர் என்று வைத்தால், மாநிலம் முழுக்கச் சுமார் 1,450 இடங்கள். அதற்கும் மேலே வட்டாரத்துக்கு ஒரு சமுதாய சுகாதார செவிலியர். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியங்கள் 388. மதுரை மாவட்டத்தில் 13: அலங்காநல்லூர், வாடிப்பட்டி, சேடபட்டி, கொட்டாம்பட்டி, டி.கல்லுப்பட்டி மாதிரி. ஒன்றியத்துக்கு ஒருவர் கணக்கில் மாவட்டம் முழுக்க 13 நாற்காலிகள். அதற்கும் மேலே மாவட்ட தாய் சேய் நல அலுவலர்.

அதாவது 22 வி.எச்.என்.களுக்கு ஒரு சமுதாய சுகாதார செவிலியர் இடம். மேலே ஒருவர் ஓய்வு பெற்றால்தான் கீழே வரிசை நகரும். 10 ஆண்டில் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை என்று சம்பளம் கொஞ்சம் ஏறும், உண்மைதான். ஆனால் வேலை அதேதான். 50 வயதிலும் அதே ஸ்கூட்டி, அதே வெயில், அதே வீடு வீடாக நடை.

இந்த வரிசை கிட்டத்தட்ட நின்றே போன ஒரு காலமும் உண்டு. 2020 மே மாதம் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது. அடுத்து 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவிப்பு. 2020 மே மாதம் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர் 2022 மே மாதம்தான் ஓய்வு பெற்றார். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் வயதின் காரணமாக யாரும் வெளியே போகவில்லை, அந்த வழியில் காலியிடமும் வரவில்லை. கொரோனா வார்டு, தடுப்பூசி முகாம் என்று இந்தப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்த அதே இரண்டு ஆண்டுகள்தான் அவை. ‘எல்லோருக்கும்தானே ரெண்டு வருஷம் கூடக் கிடைச்சது?’ என்று கேட்கலாம். கிடைத்தது. ஆனால் உட்கார்ந்திருப்பவருக்கு அது கூடுதல் சம்பளம், வரிசையில் நிற்பவருக்குக் கூடுதல் காத்திருப்பு.

ஒரே நாளில் சேர்ந்தால் யார் சீனியர்?

சண்டை பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். பலர் நினைப்பதுபோல், முற்பகலில் கையெழுத்துப் போட்டவர் சீனியர், பிற்பகலில் வந்தவர் ஜூனியர் என்பது கிடையாது. நேரடி நியமனத்தில், தேர்வு வாரியம் கொடுத்த பட்டியலில் யார் முன்னால் இருக்கிறாரோ அவர்தான் சீனியர். குறித்த கெடுவுக்குள் சேர்ந்திருந்தால் போதும்.

அப்படியானால் அந்தப் பட்டியலை எந்த வரிசையில் எழுதுவது? மதிப்பெண் வரிசையிலா, இனசுழற்சி வரிசையிலா? தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீட்டை 200 புள்ளி இனசுழற்சி மூலம் நிரப்புகிறார்கள். முதல் இடம் பொதுப் பிரிவு, அடுத்தது இன்ன பிரிவு என்று வரிசை போகும். நீண்ட காலம் அந்தச் சுழற்சி எண்ணே சீனியாரிட்டி எண்ணாகவும் இருந்தது. இது சரியில்லை, சுழற்சி என்பது யாருக்கு எத்தனை இடம் என்று பார்க்கத்தான், யார் சீனியர் என்று பார்க்க அல்ல என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் அதை ஏற்றது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

தமிழக அரசு விடவில்லை. அதே 2016-ல் அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தைக் கொண்டுவந்து, பழைய முறைக்கே பின்தேதியிட்டு உயிர் கொடுத்தது. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. 2021 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் அவமதிப்பு வழக்கில் கடுமையாகவே பேசி, மதிப்பெண் தரவரிசைப்படி பட்டியலைத் திருத்தச் சொன்னது.

அந்த வழக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் பற்றியது. ஆனால் அதன் தர்க்கம் மற்ற வாரியங்களின் பட்டியல்களுக்கும் பொருந்தக்கூடியதே. இதில் இரண்டு பக்கமும் வலுவான வாதம் உண்டு. அதிக மதிப்பெண் எடுத்தவர், எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், சுழற்சி எண்ணால் பின்னால் தள்ளப்படுவது அநியாயம் என்பது ஒரு பக்கம். மாநிலத்தில் பதவி உயர்வில் இட ஒதுக்கீடு இல்லாத நிலையில், மேல் பதவிகளிலும் எல்லாச் சமூகமும் பரவியிருக்க இந்தச் சுழற்சி வரிசைதான் கைகொடுத்தது, அதை எடுத்துவிட்டால் மேலே போகப் போக முகங்கள் ஒரே மாதிரி ஆகிவிடும் என்பது இன்னொரு பக்கம். நீதிமன்றம் முதல் வாதத்தை ஏற்றது. இரண்டாவது வாதம் எழுப்பும் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

வி.எச்.என்.களுக்கு இது ஏன் பெரிய விஷயம்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதான் எம்.ஆர்.பி., 2023 அக்டோபரில் ஒரே அறிவிப்பில் 2,250 இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. மொத்த துணை நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய ஒரே ‘பேட்ச்’சில் 100-ஆவது ஆளுக்கும் 2,100-ஆவது ஆளுக்கும் நடுவே, மேலே உள்ள மொத்த 1,450 இடங்களையும் விட அதிகமான பேர் நிற்பார்கள். சேர்ந்த ஆண்டு ஒன்றுதான், ஆனால் ஒருவருக்குப் பதவி உயர்வு வரும், இன்னொருவருக்கு வராமலே போகலாம்.

அங்கன்வாடியிலிருந்து வந்தவர்கள்

பட்டியலில் இன்னொரு வலி இருக்கிறது. துணைச் செவிலியர் பயிற்சி முடித்து நேரடியாக வந்தவர்கள் ஒரு வகை. பல ஆண்டுகள் அங்கன்வாடியில் வேலை பார்த்து, பிறகு அரசு கொடுத்த பயிற்சியை முடித்து வி.எச்.என். ஆனவர்கள் இன்னொரு வகை.

ஒரு கற்பனை உதாரணம். சேடபட்டி பக்கம் ஒரு அக்கா, 15 வருடம் அங்கன்வாடி, 42 வயதில் வி.எச்.என். கொட்டாம்பட்டி பக்கம் 24 வயதுத் தங்கை, அவருக்கு ஆறு மாதம் முன்னால் நேரடி நியமனம். பட்டியலில் தங்கைதான் சீனியர். அக்காவின் 15 வருடம் அங்கே பூஜ்யம். காரணம், அங்கன்வாடி ஊழியர் அரசின் சிவில் பதவியில் இருப்பவர் அல்ல, மதிப்பூதியம் பெறுபவர் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே ஒரு கர்நாடக வழக்கில் சொல்லிவிட்டது. 2022-ல் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும், சீனியாரிட்டிக் கணக்கில் அது எதையும் மாற்றவில்லை. சட்டப்படி பார்த்தால் குழப்பமே இல்லை. ஆனால் மேலே ஏற ஆகும் காலத்தைக் கணக்குப் போட்டால், அந்த அக்கா பதவி உயர்வு பெறாமலே 60-ஐத் தொட்டுவிடலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் ஆஷாக்களும் இந்தப் பட்டியலுக்கே வெளியேதான். அவர்களுக்கு லிஸ்டே கிடையாது.

ஊருக்கு மாற்றல் கேட்டால்?

மாவட்டம் அல்லது மண்டலத்தை அலகாக வைத்து பணிமூப்பு பார்க்கும் பணிகளில், சொந்த விருப்பத்தில் வேறு அலகுக்கு மாற்றல் வாங்கினால், அங்கே கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். கல்யாணம் முடிந்து ஊர் மாறுவது யார் என்று யோசித்தால், இந்த விதி யாரை அதிகம் பாதிக்கும் என்பது புரியும். 2025-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடக ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் வழக்கில் இதை மறுபடி உறுதி செய்தது. உடல்நலக் காரணத்துக்காக அவரே கேட்டுத்தான் வேறு பிரிவுக்கு மாறினார், அதனால் புதிய பிரிவில் சேர்ந்த தேதியிலிருந்துதான் மூப்பு என்றது. நிர்வாகமே பொதுநலன் கருதி மாற்றினால் கதை வேறு. ஆக, மாற்றல் ஆணையில் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பயிற்சியும் ஒரு மறைமுக சீனியாரிட்டிதான். துணைச் செவிலியர் மேற்பார்வைப் பணிக்குப் போக ஆறு மாத சுகாதாரப் பார்வையாளர் பயிற்சி என்பது நாடு முழுக்க உள்ள ஏற்பாடு. நமக்குப் பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்தில்கூட அப்படிப் பயிற்சி தரும் நிறுவனம் இருக்கிறது. இருக்கைகள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. 40-ஆவது ஆளை விட்டுவிட்டு 60-ஆவது ஆளை முதலில் அனுப்பினால், பேனல் வரும்போது ‘தகுதி பெற்றவர்’ யார்? லிஸ்ட் சரியாக இருந்தும் பதவி உயர்வு தப்பாகப் போக இது ஒரு வழி.

தப்பாக இருந்தால் எத்தனை நாளில் கேட்க வேண்டும்?

சீக்கிரம். பழைய மாநில மற்றும் சார்நிலைப் பணி விதிகளில் 35-ஆவது விதி, பணிமூப்பைத் திருத்தக் கோரும் மனுவை மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், தாண்டினால் தள்ளுபடி என்றது. தகவல் பிழையைத் திருத்துவதற்கு மட்டும் விலக்கு. உச்ச நீதிமன்றமும் 2009-ல் ஒரு ஒடிசா வழக்கில், மூன்று நான்கு ஆண்டுகளே நியாயமான அவகாசம், அதற்குப் பிறகு நிலைத்துப்போன வரிசையைக் கலைக்கக் கூடாது என்ற பொருளில் தீர்ப்பளித்தது. ‘பதவி உயர்வு வரும்போது பார்த்துக்கலாம்’ என்று 15 வருடம் விட்டுவிட்டு மதுரைக் கிளையில் வழக்குப் போட்டால், முதல் கேள்வியே தாமதம் பற்றித்தான் இருக்கும். ஜெயித்தாலும் பெரும்பாலும் கிடைப்பது கருத்தியலான பதவி உயர்வுதான். தேதி மாறும், ஓய்வூதியக் கணக்கு மாறும், வேலை பார்க்காத காலத்துக்குச் சம்பள பாக்கி வருவது அபூர்வம்.

எனவே தற்காலிகப் பட்டியல் வெளியாகும்போதே பார்த்துவிடுவது நல்லது. நியமன ஆணை எண், தேர்வுப் பட்டியலில் உள்ள வரிசை எண், பிறந்த தேதி, தகுதிகாண் பருவம் முடிந்த தேதி, பயிற்சி முடித்த தேதி. இந்த ஐந்தும் பணிப் பதிவேட்டில் இருப்பதும் பட்டியலில் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிட அரை மணி நேரம் போதும். வேறுபாடு இருந்தால் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாக ‘கிளார்க்கிட்ட சொல்லிட்டேன்’ என்பது நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. பட்டியலே கண்ணில் படவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 2025 அறிவிப்புக்கு முன்பே மகப்பேறு விடுப்பு எடுத்து, அதனால் தகுதிகாண் பருவம் தள்ளிப்போனவர்கள், தங்களுக்கு அந்தச் சலுகை எந்தத் தேதியிலிருந்து பொருந்தும் என்ற கேள்வியையும் அதே மனுவில் சேர்த்துவிடலாம்.