புனிதரின் பெயரில் வால் போனது, கல்லறையில் சுவர் எப்போது போகும்?

தி.நகர் பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கடைத்தெருவின் முழுப்பெயர் தெரியும்? சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் போட்டது.

அந்தத் தீர்மானம் ரோமாபுரிக்குப் போய்ச் சேர 90 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2022 மே 15 அன்று, குமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைப் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் பாதிரியாராகவோ துறவியாகவோ இல்லாத ஒருவர் புனிதரானது அதுவே முதல்முறை. 2012இல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவர் 'தேவசகாயம் பிள்ளை'. புனிதரானபோது வெறும் தேவசகாயம். பெயரிலிருந்து வால் போனது அற்புதத்தால் அல்ல. ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் போன்றவர்கள் வத்திக்கானுக்கு எழுதி வாதாடினார்கள். அவ்வளவுதான்.

"பிள்ளையை நீக்குவது வரலாற்றைத் திரிப்பது" என்று அப்போது ஒரு குரல் எழுந்தது. அவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதை வரலாற்றில் தாராளமாக எழுதுங்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் பலிபீடத்தில் வைத்து வணங்கும் பெயரில் அதைச் சேர்த்தால் அது தகவல் அல்ல, பட்டம். சாதி பாராமல் எல்லோரும் சமம் என்று பேசியதால் மேல்சாதியினரின் பகையைச் சம்பாதித்து, 1749இல் கைதாகி, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். அப்படிப்பட்டவருக்குச் சாதிப்பட்டம் சூட்டுவதுதான் திரிபு.

ரோமுக்கு இது புதிய விவகாரமும் அல்ல. மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பார்ப்பனத் துறவிபோல் வாழ்ந்து மேல்சாதியினரை மதம் மாற்றினார். மாறியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். ஞானஸ்நானத் தண்ணீர் தலையை நனைத்தது, சாதியை நனைக்கவில்லை.

அதன் விளைவைப் பார்க்க வடக்கன்குளம் போகலாம். 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று, கால்சட்டையின் இரண்டு கால்கள்போலப் பிரித்து ஒரு கோயிலைக் கட்டினார்கள். நடுச்சுவரை இடிக்க 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' நூல் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது.

கோயிலில் இடிந்த சுவர் கல்லறையில் எழுந்து நிற்கிறது. திருச்சி மேலப்புதூரில் தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைப் பிரித்து வைக்கும் சுவருக்கு எதிராக எத்தனையோ போராட்டங்கள் நடந்துவிட்டன. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்க மறுக்கிறது. அந்த அநீதியைத் திருத்தச் சொல்லி ஆயர்கள் டெல்லியில் கேட்பது நியாயம். நாமும் உடன் நிற்போம். ஆனால் டெல்லியிடம் கேட்கிற நீதியைத் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் வழங்க ஆயர்களுக்கு யாருடைய ஆணை வேண்டும்?

இந்தக் கேள்வி ஆயர்களுக்கு மட்டுமல்ல. நம் பெயரிலும் வால் இல்லை. ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது வீட்டில் "நம்ம ஆளுங்களா?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறோம். பாண்டி பஜாரிலிருந்து நாற்பது மைல்கூட இல்லாத செங்கல்பட்டில் போட்ட தீர்மானம், நம் வீட்டு வாசலுக்குள் இன்னும் வரவில்லை. ஒரு புனிதரின் பெயரையே கடிதம் எழுதித் திருத்த முடிந்திருக்கிறது. சுவர்களையும் இடிக்க முடியும், தோழர்களே. முதல் கல்லை நம் வீட்டிலிருந்தே பெயர்ப்போம்.