அம்மம்மாவுக்கும் ஒரு படம் எடுங்கோ

தீவுப்பகுதிக் கலியாணங்களில் இப்ப போட்டோ எண்டால் முதல் கதை அவுட்டோர்தான். நெடுந்தீவின் பவளக்கல் மதில்கள், ஒல்லாந்தர் கோட்டைச் சிதைவு, பெருக்கமரம், குதிரைகள், ஊர்காவற்றுறைக் கடற்கரை, மேல ஒரு ட்ரோன். படங்கள் வடிவாத்தான் இருக்கு. ஆனால் கலியாண வீட்டில் கட்டாயம் எடுக்கவேண்டிய படம் பந்தலின் ஓரத்தில் கதிரை போட்டு இருக்கிற வயதான மனிசரின் படம் எண்டுதான் நான் சொல்லுவன்.

எங்கட ஊரில் ஒருவர் மோசம் போனால் உடனே தேவைப்படுவது ஒரு படம். கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு, அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு, பிறகு சுவரில் மாட்ட. அப்பதான் வீடு முழுக்கத் தேடுவம். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிப்பம். இல்லாட்டி ஆரோ ஒருவரின் கலியாணக் குறூப் போட்டோவில் இருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுப்பம். பக்கத்தில் நிண்டவரின் தோள்மூட்டும் சேர்ந்தே அச்சாகும்.

தீவுச் சனத்துக்கு இந்தக் குறை இன்னும் பெரிசு. 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளோட ஊரை விட்டு ஓடின பலர் அல்பங்களை வீட்டிலயே விட்டிட்டுத்தான் போனவை. திரும்பி வரேக்க கூரையும் இல்லை, அல்பமும் இல்லை.

புங்குடுதீவிலும் வேலணையிலும் அப்பிடிப் பாழாய்ப்போன வீடுகள்தான் இப்ப சோடிகளுக்குப் பின்னணி. அந்தச் சுவர்களுக்கு ஒரு வடிவு இருக்கு, மறுக்கேல்லை. ஆனால் அப்பிடியான வீடுகளில் வாழ்ந்த தலைமுறையில் மிஞ்சின கொஞ்சப்பேர் அதே கலியாணத்துக்கு வந்திருக்கினம். அறுகரிசி போட வரிசையில் வருகினம். கமரா சோடியையே பார்த்துக்கொண்டு நிக்கிறதால அவையின்ர முதுகுதான் அல்பத்தில் விழும். வீட்டுச் சுவருக்கு இருபது படம், அந்த மனிசருக்கு ஒண்டும் இல்லை எண்டால் எங்கட ரசனையில் ஏதோ பிழை இருக்கு.

போட்டோக்காரரின் பக்கமும் விளங்குது. காசு குடுக்கிறது சோடி. நெடுந்தீவுக் கலியாணம் எண்டால் குறிகட்டுவானுக்குத் திரும்புற கடைசிப் படகையும் பிடிக்கவேணும். ஆனால் நான் கேட்கிறது அரை மணித்தியாலம்தான். உச்சி வெயிலில் மணல் அடிக்கிற வெளிச்சத்துக்குக் கண் சுருங்கும். அதால விறாந்தை நிழலில், வெளிச்சம் வாற பக்கம் பார்க்க ஒரு கதிரை போடுங்கோ. பிளாஷ் வேண்டாம். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு, ரெண்டு கதை கதைச்சு, ஒவ்வொருவராக எடுங்கோ. முகத்தின் இறுக்கம் தானாக விடும். பிறகு கொம்பியூட்டரில் தோலை வெளுப்பாக்கி, சுருக்கத்தை அழிக்காதேங்கோ. அழிச்சால் அது வேற ஆளின்ர முகம்.

கலியாணம் செய்யப்போறவை இதைப் புக் பண்ணேக்கயே கேட்டு எழுதி வையுங்கோ. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எண்டு சிதறின பிள்ளையள் எல்லாரும் அம்மம்மாவைச் சுத்தி நிக்கிற நாள் இன்னொருக்கா வராமலும் போகலாம்.

எடுத்த படத்தைப் பென்டிரைவில் போட்டு வைக்காமல், ஒரு பிரதி அச்சடிச்சு அவையின்ர கையிலயே குடுங்கோ. கல்வெட்டில் நாங்கள் பார்க்க முதல், தன்ர படம் எப்பிடி வந்திருக்கெண்டு அந்த மனிசர் உயிரோட இருந்து பார்க்கவேணும்.