தங்கப் பதக்கத்தை அடகு வெச்ச கோல்கீப்பர்!

1999 மகளிர் உலகக்கோப்பை ஃபைனல்னு தேடினா, ஜெர்சியைக் கழற்றி மண்டியிட்ட பிராண்டி சாஸ்டெய்ன் போட்டோதான் உங்க போன்ல வரும். அதே ஷூட் அவுட்டில், 90,185 பேர் முன்னாடி சீனாவின் லியூ யிங் அடிச்ச பெனால்ட்டியைப் பாய்ஞ்சு தடுத்த அமெரிக்க கோல்கீப்பர் பிரியானா ஸ்கரியைத் தெரியுமா?

1996, 2004 ஒலிம்பிக் தங்கமும் ஜெயிச்சவர். 2010 ஏப்ரலில் ஒரு லீக் மேட்ச். தாழ்வா வந்த பந்தைப் பிடிக்கக் குனிந்தபோது, எதிரணி வீராங்கனையின் முட்டி தலையில் மோதியது. ரத்தம் வரல. அதனால, முதல் பாதி முடியும்வரை ஆடினார். அதுதான் அவரோட கடைசி மேட்ச்!

மூளை அதிர்ச்சி. தீராத தலைவலி, மன அழுத்தம், தற்கொலை எண்ணம்கூட. வேலைக்கும் போக முடியல. இரண்டு ஒலிம்பிக் தங்கத்தையும் 18,000 டாலருக்கு அடகு வெச்சார். 2013-ல் பின்னந்தலை நரம்பில் ஆபரேஷன் நடந்த பிறகுதான் வலி அடங்கியது. பதக்கங்களையும் மீட்டார். 2017-ல் ஹால் ஆஃப் ஃபேம்.

காலில் அடிபட்டா நொண்டுறது கண்ணுக்குத் தெரியும். தலையில் பட்டா, 'நான் ஓகே'ன்னு பிளேயரே சொல்லிடுவார். சப்ஸ்டிட்யூட் கோட்டா வீணாகுமேன்னு டீமும் தயங்கும். தலையில் அடிபட்டவருக்குப் பதிலா கூடுதலா ஒருத்தரை இறக்கலாம்ங்கிற விதி, 2024 ஜூலையில்தான் கால்பந்து சட்டத்தில் சேர்ந்தது. அதுவும் கட்டாயமில்லை; போட்டி நடத்துறவங்க விருப்பம்தான்!