முதல் கீறல் எங்கே விழ வேண்டும்?

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பெரிய டாக்டர்தானே செய்வார்? படிக்கிற பிள்ளைகள் கை வைக்க மாட்டார்களே?" இக்கேள்வியை நாங்கள் தவறாகக் கொள்வதில்லை. இது நியாயமான அச்சமே. ஆயினும், பெரிய டாக்டரும் ஒரு நாள் முதன்முதலாகக் கத்தியைக் கையில் எடுத்தவர்தாம். அந்த முதல் கீறல் நோயாளியின் உடலில் விழக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இக்கருத்து புதிதன்று. பூசணி, சுரை, வெள்ளரிக் காய்களில் கீறியும், தாமரைத் தண்டில் துளையிட்டும், துணியிலும் தோலிலும் தைத்தும், மனித உருவில் செய்த பொம்மையில் கட்டுப் போட்டும் மாணவன் பழக வேண்டும் என்று சுசுருத சம்ஹிதை வகுத்திருக்கிறது. நம் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், அவர்தம் கண்களின் ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. உடலைத் தொடுமுன் அதன் உருவைக் கண்முன் நிறுத்திக் கற்பது நம் மண்ணுக்குப் பழகிய வழிதான்.

இன்று அந்தப் பொம்மையின் இடத்தைக் கணினி பிடித்திருக்கிறது. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்களை அடுக்கடுக்காக இணைத்து, உறுப்பின் முப்பரிமாண மாதிரியை உருவாக்கலாம். அதை அச்சிட்டுக் கையிலும் ஏந்தலாம். 'மிக்ஸட் ரியாலிட்டி' கண்ணாடியை அணிந்தால், அறையில் உள்ள மேசையும் மனிதரும் தெரியும்போதே அவர்கள் நடுவில் அந்த உறுப்பும் மிதப்பதுபோல் தோன்றும். மாணவர் அதைச் சுற்றி நடந்து, இரத்தக் குழாய் எங்கே வளைகிறது, கட்டி எதை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கலாம்.

இதன் பயன் வெறும் வியப்பு அன்று. சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி சிகிச்சையில், கருவியின் பிடியை வலப்புறம் அசைத்தால் உள்ளே அதன் நுனி இடப்புறம் செல்லும். கண் பார்ப்பதோ தட்டையான திரையை. இதற்குக் கை பழகப் பல முறை பயில வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், மெய்நிகர் கருவியில் பழகியவர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 சதவீதம் விரைவாக முடித்தனர். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பிற திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு மிகுந்திருந்தது. 2022-இல் பிரேசிலில், தலை ஒட்டிப் பிறந்த பெர்னார்டோ, ஆர்தர் என்னும் சிறுவர்களைப் பிரிக்குமுன், ரியோவிலும் லண்டனிலும் இருந்த மருத்துவர்கள் ஒரே மெய்நிகர் அறையில் கூடி ஒத்திகை பார்த்தனர்.

இது நமக்கு எட்டாத செய்தி என்று எண்ண வேண்டாம். சீர்காழியிலிருந்து பெரிய சிகிச்சைக்காகச் சிதம்பரம், தஞ்சாவூர், புதுவை ஜிப்மர் என எங்கு சென்றாலும், அவை மருத்துவம் கற்பிக்கும் மருத்துவமனைகளே. மேலும், முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்பது இன்றைய விதி. எனவே அவர்கள் எவ்வாறு பயில்கிறார்கள் என்பது டெல்டா மக்களின் கவலையும் ஆகும். நாற்றங்காலில் வேரூன்றாத நாற்றை எவரும் வயலில் நடுவதில்லை.

விலை ஒரு தடையே. ஆனால் ஒரு பெட்டி, ஒரு கேமரா, ஒரு விளக்கு இருந்தால் லேப்ராஸ்கோப்பியின் அடிப்படைப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். விலையுயர்ந்த கண்ணாடி வரும்வரை காத்திருப்பது சாக்காகிவிடக் கூடாது.

எல்லையும் உண்டு. மாதிரியில் எதிர்பாராத இரத்தப்போக்கு இல்லை. மயக்கம் தெளிந்தவரின் வலி இல்லை. பழைய ஸ்கேனில் பிறந்த மாதிரி, அதன்பின் வளர்ந்த கட்டியைக் காட்டாது. ஆகவே மூத்த மருத்துவரின் அருகில் நின்று கற்பதற்கு இது முன்படியே அன்றி, மாற்று அன்று.

நோயாளிகளிடம் நாங்கள் வேண்டுவது இதுவே. உங்களுக்குச் சிகிச்சை செய்பவர் யார், உடனிருந்து மேற்பார்வையிடுபவர் யார், மாணவர் பங்கு பெறுவாரா, அவர் எதில் எவ்வளவு பயின்றவர் என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் கேளுங்கள். உங்கள் ஸ்கேன் படத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்த எவரேனும் அனுமதி கேட்டால், பெயரும் அடையாளமும் நீக்கப்படுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விருப்பமில்லையெனில் மறுக்கலாம், அதனால் உங்கள் சிகிச்சையில் குறைவு நேரக் கூடாது. விருப்பமிருந்து தந்தால், நீங்கள் அறியாத ஒருவரின் உடலில் ஒரு தவறு நேராமல் காக்க அப்படம் உதவும்.